மாஸ்டர் ஒன்றும் பண்ணாத படம்

ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்று அழைத்தார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் வட்டம் என்று அழைத்தார்கள். இரண்டுமே அவர் உழைத்துச் சம்பாதித்த பட்டங்கள்தான். யார் எந்தப் படத்தை நீட்டினாலும் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, தப்பு இருக்கிற இடத்தில் ஒரு வட்டம் போடுவார். தப்பே இல்லாத படத்தை அவர் அதுவரை சந்தித்ததில்லை. ஒருமுறை யாரோ விளையாட்டாக வெறும் வெள்ளைத்தாளை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போக, அதன் ஓரத்தில் வட்டம் போட்டு ‘வெளுப்பு போதாது’ என்று எழுதி அனுப்பியதாகச் சொல்வார்கள். கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனால் கேட்டவர்களில் ஒருவர்கூட ‘சேச்சே, அவரா?’ என்று கேட்டதில்லை.

கடையின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு, கவுன்ட்டர், நீலத்திரை, சுழலும் ஸ்டூல். படமெடுக்க வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ளப் பல் போன ஒரு சீப்பு. பின்பக்கம் மாஸ்டரின் ராஜ்ஜியம். ஜன்னலுக்குக் கறுப்புத்துணி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, சுவரைப் பார்த்தபடி மானிட்டர்கள். அங்கே ஊர்க்காரர்களின் தொப்பைகள் கரைந்தன, வழுக்கைகள் மூடின, ஒன்றரைக் கண்கள் நேராயின. ஊரில் பாதிப் பேர் தங்கள் முகம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை மாஸ்டரிடம்தான் தெரிந்துகொண்டார்கள்.

வீட்டிலும் அவர் கடமை தவறியதில்லை. கல்யாண ஆல்பத்தில் முதன்முதலாகத் திருத்தப்பட்ட முகம் அவர் மனைவியுடையது. தாடையைக் கொஞ்சம் ஒடுக்கி, மூக்கோரத்து மச்சத்தை எடுத்து, நிறத்தை இரண்டு படி ஏற்றி, பெரிதாக அச்சிட்டு ஹாலில் மாட்டினார். அவரைப் பொறுத்தவரை அதுதான் காதல் கடிதம். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தங்கச்சியா?” என்று கேட்பார்கள். முதலில் ‘நான்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அவர், பிறகு அலுத்துப் போய் ‘ஆமாங்க’ என்று சொல்லப் பழகிவிட்டார். சில வருடங்கள் கழித்து, அந்தத் தங்கச்சி இப்போது எங்கே இருக்கிறாள் என்றுகூட ஒருவர் விசாரித்தார். வெளியூரில் நன்றாக இருப்பதாகப் பதில் கிடைத்தது.

சனிக்கிழமைதோறும் கடை திறப்பதற்கு முன்னால் கருத்துக்கூட்டம் நடக்கும். பெரிய கம்பெனிகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று முதலாளி எங்கோ கேள்விப்பட்டு ஆரம்பித்து வைத்தது. அந்த வாரம் செய்த சொந்தக் கைவேலையை ஆளுக்கொன்றாகப் பலகையில் குத்த வேண்டும். மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். படத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. விமர்சனத்தை மௌனமாக வாங்கிக்கொள்கிறவனே வளர்வான் என்பது முதலாளியின் கொள்கை. முதலாளி படம் எதுவும் போடுவதில்லை. ஏற்கெனவே போதுமான அளவு வளர்ந்துவிட்டார்.

அந்தப் பலகையில் அதிகமாக அடி வாங்கியவன் மேகம். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் பின்னால் ஒரு மேகத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும் பழக்கத்தால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் அப்பா இறந்த மாதத்தில், அவர் வழக்கமாக உட்காரும் மரப்பெஞ்சோடு அவரை எடுத்து வானத்தில் வைத்து ஒரு படம் செய்து மாட்டினான். நல்ல வெள்ளை மேகங்கள். பெரியவர் காலுக்குமேல் கால் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கவுன்ட்டரில் இருக்கும் கவுன்ட்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் கிட்டே போய்ப் பார்த்தார். பேனா வெளியே வந்தது.

“அப்பாவோட நிழல் இந்தப் பக்கம் விழுது. பெஞ்சோட நிழல் அந்தப் பக்கம் விழுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது,” என்றார். “பெஞ்சு பொய் சொல்லாது.”

முதலாளி சிரித்தார். முதலாளி சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். மேகம் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. படத்தைக் கழற்றி, அப்பாவின் முகத்தில் மடிப்பு விழாதபடி சுருட்டிக்கொண்டு போனான். அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை. மாஸ்டர் அதையும் கவனித்து, நல்ல விமர்சனம் வயிற்றை நிரப்பிவிடும் என்று முதலாளியிடம் சொன்னார்.

தன்மேல் வரும் விமர்சனத்தையும் மாஸ்டர் இரு கை நீட்டி வரவேற்பவர்தான். அதை அவரே அடிக்கடி சொல்வார். அந்த வரவேற்பை நம்பி ஒரே ஒருவர், மாஸ்டர் திருத்தும் பெண்கள் எல்லோரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி இருப்பதாகச் சொன்னார். மாஸ்டர் அவருக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். அடுத்த சனிக்கிழமை முதல் அந்த மனிதரின் படங்களில் விழுந்த வட்டங்களைப் பார்த்தால், படத்துக்கு அம்மை போட்டிருக்கிறதோ என்று தோன்றும். இப்போது அவர் ஒரு செருப்புக்கடையில் இருக்கிறார். சௌக்கியம் என்று கேள்வி. அதற்குப் பிறகு மாஸ்டர் மாட்டிய படங்களுக்கெல்லாம் ‘பிரமாதம் மாஸ்டர்’ என்ற ஒரே கருத்துதான் வந்தது. தான் தப்பு செய்வதை நிறுத்திவிட்டதாக அவர் அடக்கத்தோடு முடிவுக்கு வந்தார்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டில் இருந்த மகள் உண்டானாள். ஆரம்பத்திலிருந்தே சிக்கல். படுக்கையைவிட்டு அதிகம் எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போனால் ஷிப்ட் முடிந்துதான் வெளியே வருவார். மகளுக்கு அங்கே வேறு நாதி இல்லை.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா. பக்கத்துல உக்காந்திரு, போதும். எனக்குப் பயமா இருக்கு,” என்று அம்மாவிடம் சொன்னாள்.

போக வேண்டுமானால் விசா வேண்டும். விசாவுக்குப் படம் வேண்டும். படம் எடுப்பதற்கென்றே பிறந்தவர் வீட்டிலேயே இருந்தார். அதுதான் அந்த அம்மாளின் கிரகம்.

ஸ்டூலில் உட்கார்ந்தபோதே அவர் கேட்டுக்கொண்டார்: “ஏங்க, எதுவும் பண்ணாம அப்படியே குடுத்துருங்க.”

“விசாப் படம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? ஒண்ணும் பண்ண மாட்டேன்,” என்றார் மாஸ்டர். அதைச் சத்தியமாகவே சொன்னார். கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை எடுப்பது, தாடையை உள்ளே தள்ளுவது, மச்சத்தை நீக்குவது — இவையெல்லாம் அவர் கணக்கில் ‘ஒன்றும் பண்ணாத’தில் சேர்ந்தவை. லென்ஸைத் துடைக்கிற மாதிரி.

விசா அலுவலகத்து அதிகாரி படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், இது வேறு யாருடைய படமோ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மறுபடி நேரம் வாங்கி, வரிசையில் நின்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனைவி வாடிய முகத்தோடு வந்து இதைச் சொன்னபோது, மாஸ்டர் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த இடத்தைப் பார்த்துச் சொன்னார், தாடையையா கண்ணையா என்று துருவித் துருவிக் கேட்டார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவர் வேலைக்கு யாரோ கருத்துச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆளுக்குப் பார்வை இருக்கிறது என்று மெச்சிக்கொண்டார்.

இரண்டாம் முறை நாசூக்காகச் செய்தார். சுருக்கங்களை நீக்கவில்லை, ஒழுங்குபடுத்தினார். இரண்டு கன்னத்திலும் சமமாக, எதிரும் புதிருமாக, நட்டு வைத்த வேலி மாதிரி. இந்தத் தடவை அதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரே பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டது. அதற்குள் மகளுக்கு மாதம் ஏறிவிட்டது. போனில் அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. ‘வந்துருவேல்லம்மா’ என்று கேட்டவள், ‘எப்ப வர்ற’ என்று கேட்டாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

எதிர்க்கடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார். மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். டாக்டர் பெண்டாட்டி வைத்தியத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போவாளா என்று கேட்டார். அந்த அம்மாளுக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. சொல்லிப் பழக்கம் இல்லை.

மாஸ்டர் யோசித்தார். அதிகாரிக்கு அசல்தான் வேண்டுமென்றால் அசலையே கொடுத்துவிடுவோம் என்று தீர்மானித்து, கம்ப்யூட்டரில் தேடினார். அசல் கிடைக்கவில்லை. திருத்திய படத்தை அசலின் மேலேயே சேமிப்பது அவர் பழக்கம். தப்பான முகத்தைப் பத்திரப்படுத்தி என்ன ஆகப் போகிறது என்பார். இத்தனை வருடத்தில் எடுத்த எந்தப் படத்திலும் அவர் மனைவி மனைவியாக இல்லை. வேறொருவர் என்றால் அந்த அம்மாளை மறுபடி ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு பொத்தானை அமுக்கியிருப்பார். மாஸ்டருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. எடுத்தவனுக்குத் திருப்பி வைக்கத் தெரியாதா?

திருப்பி வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாள் முழுக்க, எதையும் பார்க்காமல், நினைவிலிருந்தே வைத்தார். மச்சம் வந்தது, கொஞ்சம் பெரிதாக. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. உதட்டின் ஓரங்கள் கீழே இறங்கின. கழுத்தில் மடிப்புகள், நெற்றியில் கோடுகள், கன்னத்தில் ஒரு திட்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த முகத்தில் அவர் கண்டுபிடித்த குறைகளில் ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. மனைவியின் பிறந்தநாள் நினைவில்லாத மனிதருக்கு எப்பேர்ப்பட்ட ஞாபகசக்தி என்று வியக்க வேண்டியிருக்கிறது.

முடிந்ததும் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. தன் வாழ்நாளின் முதல் நேர்மையான படம் என்று தோன்றியது. சனிக்கிழமை அதைப் பெரிதாக அச்சிட்டுப் பலகையில் மாட்டினார்.

“எதுவா இருந்தாலும் தைரியமா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்,” என்றார்.

அறையில் ஏசித் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மாளை எல்லோருக்கும் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து போகிறவர்தான். பார்க்க லட்சணமாக, சிரித்தால் கண் சுருங்குகிற மனுஷி. பலகையில் இருந்தது, யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்து, தன் முறைக்காக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி.

கவுன்ட்டரம்மாதான் ஆரம்பித்தாள். “மாஸ்டர், அக்கா வந்து...” மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். கை சட்டைப் பைக்குப் போனது. கவுன்ட்டரம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. “...வந்து பார்த்தா சந்தோஷப்படுவாங்க,” என்று முடித்தாள்.

முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். ஆமாவா இல்லையா என்று சொல்ல முடியாத ஆட்டம். அதனால்தான் அவர் முதலாளி.

மேகம் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாஸ்டர் பார்க்கிற மாதிரியே, மூக்கு தாளில் உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“ஒரு வட்டம் போடக்கூட இடமில்ல மாஸ்டர்,” என்றான். “அண்ணியே வந்து நிக்கிற மாதிரி இருக்கு. நிழல்கூட சரியா விழுந்திருக்கு.”

மாஸ்டரின் கண் கலங்கியது. உனக்கு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது என்று அவன் தோளைத் தட்டினார். அன்று மதியம் மேகம் தன் டப்பாவைக் காலி செய்துவிட்டு, கவுன்ட்டரம்மாவின் டப்பாவிலும் கைவைத்தான்.

படத்தைச் சின்னதாக அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டி, மனைவியிடம் கொடுத்தார் மாஸ்டர். கையால் தொட்டால் ரேகை படும், பிரிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். உறையை அதிகாரிதான் பிரித்தார். அந்த நாற்காலியில் அன்று பழைய ஆளுக்குப் பதில் ஒரு பெண் இருந்தாள். நல்ல மாதிரி, சிரித்த முகம். படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“உங்கம்மா படத்த வச்சிட்டீங்க போலிருக்கு. அவங்களும் வர்றாங்களா? அப்ப தனி விண்ணப்பம் வேணும்,” என்றாள்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் உதவி செய்யும் நோக்கத்தோடு எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாளும் அப்போதுதான் பார்த்தார். அவர் அம்மா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவரும் இப்படி இருந்ததில்லை.

அங்கிருந்து நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். பின்னறைக் கதவைத் தட்டாமல் திறந்தார். படத்தை மாஸ்டரின் மேசையில் வைத்தார்.

“நான் இப்படித்தான் இருக்கேனா?”

மாஸ்டர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கேள்விக்கு மரியாதை கொடுத்து, நிதானமாக ஆராய்ந்தார்.

“கழுத்துல மட்டும் ஒரு மடிப்பு கூடிப்போச்சு,” என்று ஒப்புக்கொண்டார்.

“நான் படத்தப் பத்திக் கேக்கல.”

வேறு எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று மாஸ்டருக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஆகவே படத்தைப் பற்றியே மேலும் சில விளக்கங்களைக் கொடுத்தார். எல்லோரும் பாராட்டியதைச் சொன்னார். மேகம் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னார். பக்கத்து மானிட்டரில் மேகம் ஒரு குழந்தையின் தலைக்குமேல் கவனமாக மேகம் வரைந்துகொண்டிருந்தான். அந்த அம்மாள் அவனை ஒரு முறை பார்த்தார். அவன் திரும்பவில்லை.

பிறகு முன்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். சீப்பைத் தொடவில்லை.

“எடும்மா,” என்றார் கவுன்ட்டரம்மாவிடம்.

“அக்கா, மாஸ்டர்ட்ட ஒரு வார்த்தை...”

“எடு.”

மாஸ்டர் பின்னாலேயே ஓடி வந்து, விளக்கைக் கொஞ்சம் உயர்த்தலாமே என்று ஆரம்பித்தார். மனைவி அவர் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தினார், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. மாஸ்டரும் வண்டி மாதிரியே நின்றார். கேமரா ஒருமுறை கண் சிமிட்டியது. முடிந்தது. இத்தனை மாதங்கள் நடக்காத காரியத்துக்குத் தேவைப்பட்ட நேரம் அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்கு விசா கிடைத்தது. ஆனால் அது கைக்கு வரும்வரை குழந்தை காத்திருக்கவில்லை. நாளுக்கு முன்னாலேயே புறப்பட்டுவிட்டது. மாப்பிள்ளையின் போன் லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தபடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வருவதற்குள் அம்மாவையும் கூப்பிட்டாள்.

“நீ ஏம்மா வரல?”

“போட்டோ சரியில்லன்னுட்டாங்கம்மா,” என்றார் அந்த அம்மாள்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாஸ்டர், தப்பு படத்தில் இல்லை, பார்க்கிறவர்களிடத்தில் என்று போனுக்குக் கேட்கும்படி திருத்தம் சொன்னார்.

குழந்தை பிழைத்தது. மூக்கில் செருகிய குழாயோடு கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தது. பெட்டியைவிட்டு வெளியே எடுத்த பிறகுதான் பாட்டியானவர் போய்ச் சேர முடிந்தது. விமான நிலையத்துக்கு அவரே ஆட்டோ பிடித்துப் போனார். மாஸ்டருக்கு அன்று சனிக்கிழமை.

சில வாரம் கழித்து ஒரு படம் வந்தது. மனைவி நாற்காலியில் சாய்ந்திருந்தார். தலை கலைந்து, தூக்கமில்லாமல் கண் வீங்கி. மார்பில் குழந்தை, வேகவைத்து உரித்த மாதிரிச் சிவப்பாக, கன்னத்தில் குழாயை ஒட்டியிருந்த டேப் தோலைப் பிய்த்த தழும்போடு. தாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. வந்த வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். சிவப்பை இறக்கினார். தழும்பை எடுத்தார். மூக்கைச் சற்று நீட்டினார். மனைவிக்குக் கல்யாண ஆல்பத்துத் தாடையைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் காலை வெயில் மாதிரி ஒரு பொன்னிறத்தைத் தெளித்து, ‘இப்பப் பாரு’ என்று எழுதி மகளுக்கு அனுப்பினார். அதையே பலகையிலும் மாட்டினார்.

“குழந்தை யாரு ஜாடை மாஸ்டர்?” என்று மேகம் பணிவாகக் கேட்டான்.

“என் ஜாடைதான்,” என்றார் மாஸ்டர். அதில் தப்பு சொல்ல முடியாது.

மகளிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் போல ஆகி, பின்னறையில் அவர் தனியாக இருந்தபோது போன் வந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் குரல் மாதிரி.

“அப்பா, அம்மா இனிமே இங்கதான் இருக்கப் போறாங்க. விசாவ நீட்டிச்சாச்சு. திரும்பி வர்ற டிக்கெட்டையும் கேன்சல் பண்ணியாச்சு.”

மாஸ்டர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். ஏதோ உள்ளே போய்த் தைத்திருக்க வேண்டும்.

“நீட்டிக்கிறதுக்குப் படம் குடுத்திருப்பீங்களே?” என்று கேட்டார். “யார் எடுத்தது?”

“ரயில் ஸ்டேஷன்ல ஒரு மெஷின் இருக்குப்பா. அம்மா உள்ள போய் உக்காந்தாங்க. அதுவே எடுத்துக் குடுத்துச்சு.” அதே குரலில் தொடர்ந்தாள். “எடுத்த உடனே ஓகேன்னுட்டாங்க. அப்புறம்ப்பா, இனிமே குழந்தை படம் அனுப்ப மாட்டேன். அவ எப்படிப் பிழைச்சான்னு எழுதியிருந்ததே அந்தத் தழும்புல மட்டும்தான். அதத்தான் மொதல்ல அழிச்சிருக்கீங்க.”

“மெஷின்ல வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரும்மா,” என்றார் மாஸ்டர் கவலையோடு. “அம்மாவுக்கு மூக்கு நிழல் உதட்டுல விழுந்திருக்கும். நீ அந்தப் படத்த மட்டும் எனக்கு அனுப்பு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா பார்த்துட்டு...”

போன் எப்போதோ வைக்கப்பட்டிருந்தது. அது தெரியாமல், மூக்கு நிழலை எப்படி எடுப்பது என்று மாஸ்டர் இன்னும் வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார்.